ஆர்.வி.யில் ஊர் ஊராகக் குடியிருந்தால் பணம் மிஞ்சுமா, யார் தொந்தரவும் இல்லாமல் இருக்க முடியுமா?

வழிப்போக்கன்83

அமெரிக்காவில் ஆர்.வி.யிலேயே (படுக்கை, சமையலறையோடு சக்கரத்தில் ஓடும் வீடு) முழுநேரமும் குடியிருப்பது பற்றி விவரம் தெரிந்தவர்களிடம் இரண்டு கேள்வி.

நிலவரம்: கணவன், மனைவி, குழந்தை இல்லை. அபார்ட்மென்ட் வாடகை, கரண்ட், இன்டர்நெட் எல்லாம் சேர்த்து மாதம் 2,600 டாலர். இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. ஒருவருக்கு கிரீன் கார்டு, இன்னொருவருக்கு எச்-1பி. லீஸ் முடிந்ததும் 30 அடி ஃபிஃப்த் வீல் (முன்பகுதி டிரக்கின் முதுகில் உட்காரும் இழுவை ஆர்.வி.) ஒன்றும் அதை இழுக்க ஒரு டிரக்கும் வாங்கி, குளிர்காலத்தில் தெற்கே, வெயில்காலத்தில் வடக்கே என்று போய்க்கொண்டே இருக்கலாம் என்று யோசனை.

ஒன்று, மாதம் எவ்வளவு மிஞ்சும்? வீடியோக்களில் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள், பாதிப் பேர் வண்டியின் விலையையே சேர்ப்பதில்லை.

இரண்டு, மாடிக்காரர் நடக்கிற சத்தம், பக்கத்து வீட்டு டிவி, ஆபீஸ் ஒட்டுகிற நோட்டீஸ், இதிலிருந்தெல்லாம் தப்பிக்கலாமா? யார் கண்ணிலும் படாமல் வாழலாம் என்கிறார்களே, அது எந்த அளவுக்கு நிஜம்?

கணக்கப்பிள்ளை

இரண்டாவது கேள்விக்கு மற்றவர்கள் வரட்டும். இது காசுக் கணக்கு மட்டும்.

ஆர்.வி. செலவை இரண்டு விஷயம் தீர்மானிக்கும்: ராத்திரி எங்கே நிற்கிறீர்கள், மாதத்துக்கு எத்தனை தடவை நகர்கிறீர்கள். தண்ணீர், கரண்ட், கழிவுக்குழாய் மூன்றும் உள்ள இடத்துக்கு (ஃபுல் ஹூக்கப் என்பார்கள்) ஓர் இரவுக்கு 50, 60 டாலர் சாதாரணம். தினக்கட்டணமாகவே கட்டினால் மாதம் 1,500-ஐத் தாண்டிவிடும். அதே ஆர்.வி. பார்க்கில் மாதக் கட்டணம் பேசினால் பல ஊர்களில் 700-லிருந்து 1,000-க்குள் முடியும், கரண்ட் மீட்டர் தனி. கடற்கரை, புகழ்பெற்ற நேஷனல் பார்க் வாசல், சீசன் நேரத்து ஃப்ளோரிடா இதற்கெல்லாம் இந்த எண்களை நம்பிப் போகாதீர்கள்.

அடுத்தது டிரக். எல்லாரும் சறுக்குவது இங்கேதான். 30 அடி ஃபிஃப்த் வீல் சாமானோடு சேர்ந்து 12,000 பவுண்டு வரை போகும். அதில் 20 முதல் 25 சதவீதம், அதாவது 2,400-லிருந்து 3,000 பவுண்டு வரை, டிரக்கின் முதுகில் நேராக உட்காரும். சாதாரண ஹாஃப் டன் டிரக் சுமக்கக்கூடியது பெரும்பாலும் 1,500-லிருந்து 1,800 பவுண்டுதான். டீலர் "இழுக்கும்" என்பார். இழுக்கும்தான், சுமக்காது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்த்து எவ்வளவு பவுண்டு தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அந்த எண்ணிலிருந்து உங்கள் இருவர் எடை, ஹிட்ச் என்கிற இணைப்புக் கருவியின் எடை (150, 200 பவுண்டு வரும்), பின்னால் போடுகிற சாமான் எல்லாம் கழித்துப் பாருங்கள். ஆகவே முக்கால் டன் அல்லது ஒரு டன் டிரக். அதன் விலையும் கணக்கில் வரவேண்டும்.

ஒரு நடுத்தர மாதக் கணக்கு, டாலரில். பழைய வண்டி, கடன் இல்லை, மாதம் ஒரு முறை 300 மைல் நகர்வு என்று வைத்துக்கொள்வோம்: இடம் 850, கரண்ட் 100, புரொப்பேன் 40, எரிபொருள் 200, டிரக்கும் ஆர்.வி.யும் சேர்த்து இன்ஷூரன்ஸ் 200, இரண்டு வழி இன்டர்நெட் 200, லாண்டரி 60, தபால் முகவரி 20, ரிப்பேருக்கும் டயருக்கும் எடுத்துவைப்பது 300, விலைத் தேய்மானம் 400. மொத்தம் 2,370. உங்கள் 2,600-இல் மிஞ்சுவது 230. பழைய கட்டிலையும் சோபாவையும் விற்க மனசில்லாமல் ஸ்டோரேஜில் போட்டால் அதிலும் பாதிக்கு மேல் காலி.

புது வண்டி என்றால் கணக்கே தலைகீழ். முதல் வருஷத்திலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மதிப்பு போகும். 70,000 டாலர் வண்டி என்றால் 14,000, மாதத்துக்கு 1,160 சொச்சம். வாடகைக்குப் பயந்து வெளியே வந்து, அதில் பாதியைத் தேய்மானமாகக் கட்டுவதாகும். ஆர்.வி. கடனை 15, 20 வருஷத்துக்கு இழுத்துத் தருவார்கள். தவணை சின்னதாகத் தெரியும், ஆனால் மூன்றாம் வருஷம் விற்கப்போனால் வண்டி விலையைவிட பாக்கிக் கடன் பெரிதாக இருக்கும். 5 முதல் 8 வருஷப் பழசு வாங்குவதே நல்லது. பெரிய இறக்கத்தை வேறு யாரோ கட்டி முடித்திருப்பார்கள்.

நிஜமாக மிஞ்சவேண்டும் என்றால் அரசு நிலம். மேற்கு மாநிலங்களில் பி.எல்.எம். என்கிற நில நிர்வாகத் துறையின் காட்டிலும் பாலைவனத்திலும் ஒரே இடத்தில் பொதுவாக 28 நாளில் 14 நாள் வரை இலவசமாக நிற்கலாம், பிறகு தள்ளிப் போகவேண்டும். குளிர்காலத்துக்கென்றே அரிசோனாவிலும் தெற்குக் கலிஃபோர்னியாவிலும் நீண்டகாலத் தங்கல் பகுதிகள் உண்டு. குவார்ட்ஸைட் பக்கத்து லா போசா அதில் பிரபலம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை 7 மாத சீசனுக்கு நெடுநாளாக 180 டாலர்தான் கட்டணமாக இருந்தது. மாதத்துக்கு 26 டாலர்கூட ஆகவில்லை. கிளம்புமுன் அந்த வருஷக் கட்டணத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். மேலே 850 என்று போட்ட இடத்தில் இதைப் போட்டால் என்ன மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள். ஆனால் அங்கே மின் கம்பமோ உங்கள் இடத்திலேயே தண்ணீர்க் குழாயோ கிடையாது. அதற்கு என்னென்ன வேண்டும் என்பதை ஸ்பேனர் அண்ணன் வந்து சொல்வார்.

படிவக்காரன்

கணக்குக்கு முன்னால் எச்-1பி. இது தீராமல் வண்டி வாங்காதீர்கள்.

எச்-1பி மனுவில் வேலை செய்யும் இடம் எழுதப்பட்டிருக்கும். வீட்டிலிருந்து வேலை என்றால் அந்த வீடே வேலையிடம். அதே பெருநகர வட்டாரத்துக்குள் மாறினால் பெரிய சிக்கல் இல்லை. வட்டாரம் தாண்டினால் நிறுவனம் திருத்த மனு போடவேண்டும். 2015-இல் வந்த சிமியோ என்ற குடியேற்றத் துறைத் தீர்ப்புக்குப் பிறகு இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. குறுகிய காலப் பணிக்கு நாள் கணக்கில் ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் அது கம்பெனி அனுப்பும் பயணத்துக்கானது. மாதம் ஒரு ஊர் என்று சுற்றுவதற்கு அதைக் குடையாகப் பிடிக்க முடியாது. ஆகவே எச்-1பி இருக்கும்வரை உங்களுக்குச் சாத்தியமானது, இப்போதைய வட்டாரத்துக்குள்ளேயே ஒரு பார்க்கில் மாதக் கட்டணத்தில் நிற்பது. விடுமுறை எடுத்துச் சுற்றுவது வேறு விஷயம்.

கிரீன் கார்டு உட்பட குடியுரிமை இல்லாத எல்லாரும் இடம் மாறிய 10 நாளுக்குள் ஏஆர்-11 என்கிற முகவரி மாற்றப் படிவம் தாக்கல் செய்யவேண்டும். ஆன்லைனிலேயே முடியும், கட்டணம் இல்லை. அந்தப் படிவம் தபால் முகவரியையும் நிஜமாக வசிக்கும் முகவரியையும் தனித்தனியாகக் கேட்கும். யார் கண்ணிலும் படாமல் வாழ்வதாவது! கிரீன் கார்டுக்காரர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அதற்கு முந்தைய 3 மாதம் அந்த மாநிலத்திலோ குடியேற்றத் துறையின் மாவட்டத்திலோ வசித்திருக்கவேண்டும் என்பதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

முகவரி. முழுநேர ஆர்.வி.காரர்கள் பெரும்பாலும் சௌத் டகோட்டா, டெக்சஸ், ஃப்ளோரிடா மூன்றில் ஒன்றைச் சட்டபூர்வ இருப்பிடமாக வைப்பார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை, தபால் வாங்கி அனுப்புகிற நிறுவனங்கள் நிறைய. சௌத் டகோட்டாவில் ஓர் இரவு தங்கிய ரசீதும் அந்தத் தபால் முகவரிக்கான சான்றும் காட்டி ஓட்டுநர் உரிமம் வாங்குகிறார்கள். வாக்குரிமைக்கு அது போதாது, 30 நாள் வசிப்பு வேண்டும். "வருமான வரி இல்லாத மாநிலம்" என்றதும் துள்ளவேண்டாம். கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து மூன்று மாதம் வேலை செய்தால், அந்த மூன்று மாதச் சம்பளத்துக்குக் கலிஃபோர்னியா வரி கேட்கும்.

தபால் நிறுவனத்தோடு சேரும்போது அஞ்சல் துறையின் 1583 படிவம் நிரப்பவேண்டும். இரண்டு அடையாளச் சான்று, நோட்டரி கையெழுத்து. பெயர் மறைக்கும் வழியே அதில் கிடையாது. அந்த முகவரி வணிகத் தபால் முகவரி என்று பல வங்கிகளின் மென்பொருள் கண்டுபிடித்துவிடும், கணக்கு திறக்கும்போது திருப்பி அனுப்பும். சண்டை போடாதீர்கள். வசிப்பிட முகவரி இல்லாதவர் நெருங்கிய உறவினர் முகவரியைத் தர விதியே இடம் கொடுக்கிறது. அண்ணன், அக்கா யாராவது ஒரு ஊரில் நிலையாக இருந்தால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வரியில் இன்னொரு பள்ளம். நிலையான வேலையிடமும் இல்லை, வழக்கமாக வசிக்கும் இடமும் இல்லை என்றால் ஐ.ஆர்.எஸ். (மத்திய வரித் துறை) உங்களை நாடோடி என்ற வகையில் வைக்கும். சுயதொழில் செய்தாலும் பயணச் செலவு, தங்கும் செலவு எதையும் கழிக்க முடியாது. டீசல் பில்லை எல்லாம் பத்திரப்படுத்துகிறவர்கள் கவனிக்க. படுக்கை, சமையல், கழிப்பறை மூன்றும் உள்ள ஆர்.வி. வீடாகக் கருதப்படும், கடன் வட்டியைக் கழிக்கலாம் என்பது சரிதான். ஆனால் செலவுகளைப் பட்டியலிட்டுக் கழிப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. பலருக்குப் பட்டியல் இல்லாமலே கிடைக்கும் நிலையான கழிவே பெரிதாக இருக்கும்.

மெடிக்கல் இன்ஷூரன்ஸ்: வேலை வழியாக வரும் திட்டம் நாடு முழுக்க மருத்துவர் வலையமைப்பு உள்ளதா என்று பாருங்கள். எச்.எம்.ஓ. வகை (குறிப்பிட்ட வட்டார மருத்துவர்களிடம் மட்டும் போகக்கூடிய திட்டம்) என்றால் வெளிமாநிலத்தில் எமர்ஜென்சி மட்டும்தான்.

கடைசியாக சட்டத்தின் பார்வையில் அந்தரங்கம். வீட்டைச் சோதனையிட போலீசுக்கு வாரன்ட் வேண்டும். சான் டியேகோ நகர்ப்பகுதி பார்க்கிங்கில் நின்ற ஒரு மோட்டார் ஹோம் சம்பந்தமாக 1985-இல் கலிஃபோர்னியா எதிர் கார்னி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னது: உடனே ஓட்டிக்கொண்டு போகக்கூடிய நிலையில் பொது இடத்தில் நிற்கிற வண்டி, உள்ளே கட்டில் இருந்தாலும், வண்டிதான். உள்ளே குற்றத்துக்கான சான்று இருக்கும் என்று நம்பத் தகுந்த காரணம் இருந்தால் வாரன்ட் இல்லாமல் சோதிக்கலாம். கட்டைமேல் ஏற்றி, குழாயும் கரண்டும் இணைத்து, குடியிருப்பாகவே நிற்கிற வண்டிக்கு இது பொருந்துமா என்பதை அன்று அந்தத் தீர்ப்பு முடிவு செய்யாமல் விட்டது. சுருக்கமாக, சாலையோரம் நிற்கும்போது உங்கள் படுக்கையறைக்கு அபார்ட்மென்ட்டைவிடப் பாதுகாப்பு குறைவு.

சாலையோரம் தூங்குவதற்கே பல நகரங்களில் தடை உண்டு. 2024 ஜூனில் கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில், பொது இடத்தில் தங்கித் தூங்குவதை நகரங்கள் தண்டிக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் சொன்ன பிறகு நகரங்கள் அதை இன்னும் தைரியமாக அமல்படுத்துகின்றன.

ஸ்பேனர்

கணக்கப்பிள்ளை ரிப்பேருக்கு 300 என்று போட்டிருக்கிறார். கையில் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும். கடையில் விட்டால் போதாது, அதோடு வண்டி கடையில் நிற்கிற நாளெல்லாம் ஹோட்டல் வாடகை. வீடே அங்கேதானே நிற்கிறது!

பாலைவனத்தில் இலவசமாக நிற்க என்ன வேண்டும் என்று பார்ப்போம். ஒரு நாள் கரண்ட்: 12 வோல்ட் ஃபிரிட்ஜ் 700 வாட்-மணி. இரண்டு லேப்டாப், தலைக்கு 60 வாட், 8 மணி நேரம், 960. சாட்டிலைட் இன்டர்நெட் டிஷ் 60 வாட், 12 மணி நேரம், 720. விளக்கு, பம்ப், ஃபேன், போன் 250. கூட்டினால் 2,630. ராத்திரி ஃபர்னஸ் (வண்டியைச் சூடாக்கும் கேஸ் ஹீட்டர்) ஓடினால் இன்னும் 400-க்கு மேல். கேஸில்தானே எரிகிறது, கரண்ட் எதற்கு என்று கேட்பார்கள். சூடான காற்றைத் தள்ளுகிற ஃபேன் 7 ஆம்பியர் இழுக்கும், ராத்திரி பூரா விட்டுவிட்டு ஓடும்.

100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் 1,280 வாட்-மணி. ஆக மூன்று வேண்டும், 3,840. அதே அளவு பழைய லெட் ஆசிட் பேட்டரியில் பாதிதான் பயன்படுத்தலாம், அதற்கு மேல் இறக்கினால் ஆயுசு போய்விடும். கூரையில் 600 வாட் சோலார் போட்டால், குளிர்காலத்தில் 4 மணி நேர நல்ல வெயில், படுத்த பேனல், தூசு, வயர் நஷ்டம் எல்லாம் போக 70 சதவீதம் என்று வைத்தால் 1,680 வரும். ஃபர்னஸைச் சேர்க்காமலே 950 குறைகிறது. 60 ஆம்பியர் சார்ஜரை ஜெனரேட்டரில் போட்டு ஒன்றேகால் மணி நேரம் ஓட்டினால் அந்தப் பள்ளம் நிரம்பும். ஏ.சி. பற்றிக் கேட்கவே வேண்டாம், 13,500 பி.டி.யு. ஏ.சி. 4 மணி நேரம் ஓடினால் 5,000-ஐத் தாண்டும். அதனால்தான் சோலார்காரர்கள் வெயிலைத் துரத்தாமல் குளிர்ந்த இடத்தைத் தேடிப் போகிறார்கள். இன்னொன்று, லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல் கெடும். பேட்டரி வெளிப்பெட்டியில் இருந்தால் சூடேற்றும் பட்டை உள்ளதாக வாங்குங்கள், இல்லையென்றால் உள்ளே கொண்டுவாருங்கள்.

கேஸ்: 20 பவுண்டு சிலிண்டரில் ஏறக்குறைய 430,000 பி.டி.யு. 30,000 பி.டி.யு. ஃபர்னஸ் நிற்காமல் எரிந்தால் 14 மணி நேரம்தான். மூன்றில் ஒரு பங்கு நேரம் எரிந்தால் 42 மணி, இரண்டு நாள்கூட இல்லை. குளிரான ஊரில் இரண்டு சிலிண்டர் மாற்றி மாற்றி நிரப்புவதே ஒரு வேலையாகப் போய்விடும். புகைக்குழாய் இல்லாத சின்ன கேஸ் ஹீட்டர் சிக்கனம் என்று சிலர் வாங்குவார்கள். ஒரு கேலன் புரொப்பேன் எரிந்தால் முக்கால் கேலனுக்கு மேல் தண்ணீர் ஆவியாக உள்ளேயே விழும். அது போய் உட்காருகிற இடம் மெத்தைக்கு அடியில். பலகையைத் தூக்கிப் பார்த்தால் கறுப்புப் பூஞ்சணம். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவில் காற்று போகிற மாதிரி வலை விரிப்பு போடுங்கள், ஹீட்டர் எரியும்போது ஜன்னலும் கூரை வென்ட்டும் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். மூச்சுக்கும் அது அவசியம், கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.

தண்ணீர்: 40 கேலன் டேங்கை 14 நாளுக்குப் பிரித்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 3 கேலன்கூட வராது. அரிசி களைந்து, பருப்புக் குக்கர் கழுவி, குளித்து, சிக்கனமாக இருந்தாலே 5, 6 கேலன் ஆகும். ஒரு வாரத்தில் டேங்க் காலி. தண்ணீரைக் கேனில் கொண்டுவரலாம், கழிவை எங்கே கொண்டுபோவது? கழிப்பறைக் கழிவை டம்ப் ஸ்டேஷன் என்கிற கழிவு இறக்கும் இடத்தில்தான் விடவேண்டும், நிலத்தில் விட்டால் குற்றம். பாத்திரம் கழுவிய நீருக்கும் பல இடங்களில் தடை.

பிளாக் டேங்க் (கழிப்பறைக் கழிவுத் தொட்டி) விஷயத்தில் புதுசாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு: பார்க்கில் குழாயை மாட்டி வால்வைத் திறந்தே விடுவது. தண்ணீர் ஓடிவிடும், திடக்கழிவு கழிப்பறைக்கு நேர் கீழே குவிந்து காய்ந்து கோபுரமாக நிற்கும், பிறகு உளி கொண்டு குத்தவேண்டியதுதான். வால்வை மூடியே வையுங்கள். காலி செய்ததும் 2, 3 கேலன் தண்ணீர் ஊற்றுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பின பிறகு பிளாக்கை முதலில் திறந்து, அடுத்து கிரேயை (குளித்த, கழுவிய நீர்த் தொட்டி) திறந்தால் சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும்.

பார்க்கில் கம்பத்தில் மாட்டுவதற்கு முன்னால் ஈ.எம்.எஸ். பெட்டி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நியூட்ரல் அறுந்த கம்பம், வோல்டேஜ் இறங்கின கம்பம் இரண்டையும் கண்டுபிடித்து வெட்டிவிடும். வெறும் சர்ஜ் புரொடெக்டர் அதைச் செய்யாது. 30 ஆம்பியர் கம்பம் என்றால் மொத்தமே 3,600 வாட். ஏ.சி. 1,500, இண்டக்ஷன் அடுப்பு 1,800, இதற்கு மேல் மிக்ஸியைப் போட்டால் பிரேக்கர் விழும். தண்ணீர்க் குழாயில் பிரஷர் ரெகுலேட்டர், 50 பி.எஸ்.ஐ. பக்கம் வைத்து. சில பார்க்குகளில் 100 வரை அடிக்கும், உள்ளே பிளாஸ்டிக் இணைப்பு தெறித்துத் தரை ஊறிப்போகும்.

சக்கரத்தக்கா

இரண்டாவது கேள்வியைப் படிவக்காரர் சட்டமாகச் சொல்லிவிட்டார். தினசரி நிலவரம் இது.

தனிமை வேறு, அந்தரங்கம் வேறு. அரசு நிலத்தில் அரை மைலுக்கு ஆள் இல்லாமல் நிற்கலாம், அந்தத் தனிமை அபார்ட்மென்ட்டில் எந்தக் காசுக்கும் கிடைக்காது. பார்க்கில் நின்றால் நிலைமை நேரெதிர். இரண்டு வண்டிக்கு நடுவில் சில இடங்களில் பத்துப் பன்னிரண்டு அடிதான். சுவர் கனம் இரண்டு அங்குலம், உள்ளே ஃபோம், வெளியே மெல்லிய ஃபைபர்கிளாஸ். தும்மினால் பக்கத்து வண்டியில் "பிளெஸ் யூ" கேட்கும். மாடிக்காரர் சத்தத்துக்குப் பதில் பக்கத்து வண்டி டீசல் எஞ்சின் காலை ஐந்து மணிக்கு.

பார்க்கில் சத்தம் குறையச் சில வழி. ஓரக்கோடி இடம் கேளுங்கள், ஒரு பக்கமாவது காலி. அலுவலகம், குப்பைத்தொட்டி, குளியலறை, விளையாட்டுத்திடல் பக்கம் வேண்டாம் என்று புக் செய்யும்போதே சொல்லுங்கள். பெரும்பாலான பார்க்குகளில் உங்கள் வண்டியின் கழிவுக்குழாய்ப் பக்கம் அடுத்தவருடைய வாசல்பக்கத்தைப் பார்த்துத்தான் நிற்கும். படுக்கையறை எந்தப் பக்கம் என்று பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

ஜன்னல் திரை பகலில் பரவாயில்லை. ராத்திரி உள்ளே விளக்கு போட்டால் மெல்லிய துணித் திரையில் ஆள் நிழல் வெளியே சினிமா மாதிரி தெரியும். இரண்டடுக்குத் திரையில் கறுப்பு அடுக்கு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வெள்ளி நிறக் குமிழித் தாளை ஜன்னல் அளவுக்கு வெட்டிச் செருகுங்கள், வெப்பமும் தடைபடும்.

உங்களுக்குள்ளேயே இருக்கிற பிரச்சினை பெரியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மீட்டிங்கில் பேசினால் 30 அடியில் இடமில்லை. படுக்கையறைக் கதவு மெல்லிய தகடு, பல வண்டியில் திரைதான். ஒருவர் முன்பக்கம், ஒருவர் பின்பக்கம் என்று நடுவில் கழிப்பறை வருகிற தளவமைப்பு, அல்லது தனிக் கதவுள்ள பங்க் அறையை (அடுக்குக் கட்டில் அறை) ஆபீஸாக மாற்றுவது, இரண்டில் ஒன்று. சமையல் வாசனையும் அப்படித்தான். எண்ணெய்ப் புகை கூரைத் துணியிலும் திரையிலும் படிந்தால் போகாது, தாளிக்கும்போது கேஸ் அலாரமோ புகை அலாரமோ கத்தும். அலாரத்தைக் கழற்றி வைக்காதீர்கள். ஒற்றை இண்டக்ஷன் அடுப்பை வெளிப்பக்க மேசையில் வைத்துத் தாளிப்பதுதான் எல்லாரும் செய்வது.

"கண்ணில் படாமல்" என்பதற்கு: பார்க்கில் பெயர், கார் நம்பர், கார்டு எல்லாம் பதிவாகும். நெடுஞ்சாலையில் நம்பர் பிளேட் கேமரா. கையில் போன். வண்டி முகப்பில் குடும்பப் பெயர், ஊர் எல்லாம் பலகையாக மாட்டுகிறார்கள், அதை மாட்டாதீர்கள். நிற்கிற இடத்துப் படத்தை அங்கிருந்து கிளம்பின பிறகு போடுங்கள். பார்க் வைஃபையில் வங்கி வேலை வேண்டாம்.

வழிப்போக்கன்83

எல்லாருக்கும் நன்றி. எச்-1பி விஷயம் தலையில் அடித்த மாதிரி இருக்கிறது, வக்கீலிடம் பேசிவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஒருவேளை இதே வட்டாரத்தில் ஒரு பார்க்கில் ஒரு வருஷம் நின்று பார்ப்பது என்றால், பழைய வண்டி பார்க்கும்போது எதைக் கவனிக்கவேண்டும்? ஒரே இடத்தில் நிற்பது என்றால் டிரக் வேண்டாம்தானே?

கணக்கப்பிள்ளை

டிரக் வேண்டாம். கொண்டுவந்து நிறுத்த ஆளும் டிரக்கும் வாடகைக்குக் கிடைக்கும், மைலுக்கு இவ்வளவு என்று. கணக்கில் டிரக்கின் செலவு போனாலே மிச்சம் கூடும். பார்க்கில் சேருமுன் மூன்று கேள்வி: வருஷ ஒப்பந்தம் உண்டா, 10 வருஷத்துக்கு மேல் பழைய வண்டியை விடுவார்களா (பல பார்க்குகள் விடாது), கரண்ட் யூனிட்டுக்கு என்ன விலை. இன்ஷூரன்ஸில் "முழுநேரக் குடியிருப்பு" என்று எழுதிக் கேளுங்கள். சாதாரண பாலிசி விடுமுறைப் பயணத்துக்கானது, குடியிருப்பது தெரிந்தால் க்ளெய்ம் கிடைக்காமல் போகலாம். புது வண்டி வாரண்டியிலும் பல கம்பெனி இதே நிபந்தனை வைக்கிறது.

ஸ்பேனர்

பழைய வண்டியில் முதல் எதிரி தண்ணீர். எஞ்சினும் சக்கரமும் பிறகு.

ஈரம் அளக்கிற மீட்டர் 30, 40 டாலருக்கு வரும், கையில் எடுத்துப் போங்கள். கூரையின் நாலு மூலை, ஜன்னலுக்குக் கீழே, ஸ்லைடு (அறையைப் பெரிதாக்க வெளியே நீளும் பகுதி) வருகிற இடத்துத் தரை, படுக்கைக்கு அடியில் உள்ள சாமான் அறை, இத்தனை இடத்திலும் குத்திப் பாருங்கள். நடுச்சுவரில் காய்ந்து காட்டி மூலையில் எண் எகிறினால் உள்ளே ஒட்டுப்பலகை ஊறியிருக்கிறது. வெளியே நின்று சுவரைச் சாய்வாகப் பாருங்கள், நீளமாக அலை அலையாகத் தெரிந்தால் ஃபைபர்கிளாஸ் உரிய ஆரம்பித்திருக்கிறது. அதைச் சரிசெய்ய வண்டி விலையில் பெரும்பகுதி கேட்பார்கள், பேரம் பேசாமல் திரும்பி வாருங்கள்.

கூரைமேல் ஏறுங்கள். வென்ட், ஏ.சி., ஓரப்பட்டை இவற்றைச் சுற்றி தானாகப் பரவிச் சமமாகிற வெள்ளை சீலன்ட் இருக்கும். வெடிப்பு இருந்தால் கவலையில்லை, சுத்தம் செய்து அதன்மேலேயே புதிதாகப் பூசலாம். யாராவது சிலிகான் பூசியிருந்தால்தான் தலைவலி, அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது, முழுசும் சுரண்டி எடுக்கவேண்டும். வாங்கின பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை நீங்களே ஏறிப் பாருங்கள்.

டயரில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பிறகு கடைசி நாலு எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆம் வாரம். ரப்பர் பட்டன் தேயாமல் இருந்தாலும் 6 வருஷம் தாண்டின டயரோடு நெடுஞ்சாலையில் ஏற்றக்கூடாது. டிரெய்லர் டயர் வெடித்தால் சும்மா போகாது, சக்கரத்துக்கு மேலே இருக்கிற தரையையும் குழாயையும் கிழித்துக்கொண்டு போகும். புது டயரின் விலையை விற்பவரிடம் கழிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, விற்பவர் வீட்டுக் குழாயில் மாட்டி, எல்லா டேங்கையும் நிரப்பச் சொல்லி, வாட்டர் ஹீட்டர், ஃபர்னஸ், ஃபிரிட்ஜ், ஏ.சி., ஸ்லைடு எல்லாவற்றையும் ஓடவிடுங்கள். பம்பை ஆன் செய்து எல்லாக் குழாயையும் மூடிவிட்டு ஒரு மணி நேரம் வேறு வேலை பாருங்கள். யாரும் குழாயைத் திறக்காமலே பம்ப் இடையில் டுர்ரென்று ஓடினால் எங்கேயோ கசிகிறது. ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுகிற பழைய வகை என்றால் அதைக் குளிரவைக்க நாலு மணி நேரமாவது ஆகும், அதனால் போகிற அன்று காலையிலேயே போட்டு வைக்கச் சொல்லி முந்தின நாள் போன் செய்துவிடுங்கள்.